பேடக்கா

‘பேட’ என்றால் கன்னடத்தில் வேண்டாம் என்று பொருள். ஓசூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில், லீக் டெஸ்ட் பிரிவில் இருந்த அக்காவுக்கு அதுவே பெயராகிவிட்டது. பேடக்கா. அப்பா அம்மா வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்தப் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. எழுதினால் அவரே வந்து, “என்னாத்துக்குப்பா அதெல்லாம்? பேட” என்பார்.

அவருக்குத் தேன்கனிக்கோட்டை. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கேன்டீன் சமையல்காரரிடம் தெலுங்கு, கோபம் வந்தால் மூன்றும். ஆனால் மறுப்பதற்கு மட்டும் கன்னடத்தைத்தான் எடுப்பார். காரணம் கேட்டபோது, “தமிழ்ல வேணாம்னா இழுத்துகினு போவுது. அதுக்குள்ள எதிராளி ஏன்னு கேட்டுடறான். பேடன்னா பட்டுன்னு முடிஞ்சிடும்” என்றார்.

இருசக்கர வண்டிகளுக்கு அலுமினிய உதிரிபாகம் வார்க்கிற கம்பெனி அது. வார்த்த பாகத்தின் வாய்களை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்க வேண்டும். எங்காவது கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் அங்கிருந்து குமிழி வரும். வந்தால் சிவப்பு மையால் ஒரு புள்ளி. அது கழிவுக்குப் போகும். வராவிட்டால் அடுத்த மேஜைக்கு. பேடக்கா நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேசும்போதும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நம் ஆசைகளையும் அந்தத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்ப்பதுபோல் இருக்கும் என்று அடுத்த மேஜையில் இருந்த திருநெல்வேலிக்கார அண்ணன் சொல்வார்.

எனக்கு மத்தூர்ப் பக்கம். கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்துவிட்டு டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். தொட்டியைத் தாண்டி வருகிற பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. சேர்ந்த சில வாரங்களிலேயே, வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கல்லூரியில் மாலை நேர பி.இ. வகுப்பு நடப்பது தெரிந்தது. அன்றெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டீ இடைவேளையில் முதலில் கண்ணில் பட்ட ஆளிடம் சொன்னேன். அவர் பேடக்காவாக இருந்தார்.

“அக்கா, நான் பி.இ. சேரப் போறேன்.”

“பேட.”

டீ கிளாஸைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, மூக்கைக்கூடத் துடைக்காமல் சொன்னார்.

“ஏன்க்கா?”

“கிளாஸு எப்ப?”

“சாயந்திரம் ஆறு மணிக்கு.”

“ரெண்டாவது ஷிஃப்ட் போட்டா?”

“சூப்பர்வைசர்கிட்ட சொல்லி மாத்திக்குவேன்.”

“அவரு வேற லைனுக்குப் போயிட்டா?”

“வர்றவருகிட்ட சொல்லுவேன்.”

“அவரு மாட்டேன்னா? பாதில விட்டுட்டு ஊருக்குப் போய் என்னான்னு சொல்லுவ? சேரவே இல்லன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். பாதில விட்டவன்னா சாவற வரைக்கும் கேப்பான். பேட மத்தூரு, பேட.”

ஆட்களை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார். அந்த நிமிடத்திலிருந்து நான் மத்தூரு.

“அக்கா, டிஸ்கரேஜ் பண்ணாதீங்கக்கா” என்றேன்.

அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “அது என்னாப்பா அது? இங்க எல்லாரும் என்ன அதயேதான் சொல்றாங்க. திட்றாங்கன்னு தெரியுது. என்னான்னு திட்றாங்கன்னுதான் தெரியல.”

ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் சொல்லக் கிடைத்த வாய்ப்பை நான் எந்தத் துக்கத்திலும் விடுகிறவன் இல்லை. “அதுக்கு ஊக்கம் இழக்கச் செய்தல்னு அர்த்தம்க்கா” என்றேன்.

“ஊக்கம்னா?”

“மனசுல இருக்கிற தெம்பு. தைரியம்.”

“நான் ஒரு வார்த்த சொன்னதும் ஓடிப்போயிட்ற தெம்பா அது?” என்றார். “அப்ப அது வெயில்ல வெச்ச பாலு. நான் வாய மூடிகினு இருந்தாலும் மத்தியானத்துக்குள்ள திரிஞ்சிடும்.”

மணி அடித்தது. அவர் கையுறையை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குத் திரும்பிவிட்டார்.

அந்த வார்த்தை எங்கள் கம்பெனியில் டீயைவிட அதிகமாகப் புழங்கியது. யாராவது புது வண்டி எடுக்கிறேன் என்பான். எங்கே நிறுத்துவாய் என்று இன்னொருவன் கேட்பான். “மச்சான், டிஸ்கரேஜ் பண்ணாத” என்று பதில் வரும். கேள்வி கேட்டாலே டிஸ்கரேஜ்தான். எங்கள் ஊரில் இந்த வார்த்தை கிடையாது. குறுக்கே பேசாதே என்பார்கள், வாயை வைக்காதே என்பார்கள், மனசை உடைக்காதே என்பார்கள். மூன்றும் மூன்று குற்றம். ஒன்று மரியாதை இல்லாதது, ஒன்று கண்ணேறு, ஒன்று கொடுமை. கம்பெனிக்கு வந்த பிறகு மூன்றையும் ஒரே வார்த்தையில் போட்டு மூடிவிட்டோம்.

அகராதியில் தேடிப் பார்த்தேன். அதைரியப்படுத்து, மனம் தளரச் செய் என்று போட்டிருந்தது. கடைசியில் இன்னொரு பொருளும் இருந்தது: செய்ய வேண்டாம் என்று எடுத்துச் சொல். இப்படியும் ஒரு பொருள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. கேன்டீன் சுவரில் அதற்கு ஓர் உதாரணமும் தொங்கியது. சாப்பிடும் இடத்தில் செல்போன் பயன்படுத்துவது டிஸ்கரேஜ் செய்யப்படுகிறது என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பலகை. பயன்படுத்தலாமா கூடாதா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. படித்துச் சொல்லச் சொல்லி பேடக்கா என்னைக் கேட்டார். சொன்னேன்.

“கூடாதுன்னு எழுதல இல்ல?”

“இல்லக்கா.”

“தண்டம் போடுவோம்னு எழுதியிருக்குதா?”

“இல்ல.”

“நம்மள மாதிரி யாரோதான் எழுதியிருக்காங்க” என்று திருப்தியாகச் சோற்றைப் பிசைந்தார்.

பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்கு ஊக்கப் பயிற்சி வகுப்பு எடுத்ததும் நினைவிருக்கிறது. உற்சாகமான மனிதர். பலகையில் பெரிய எழுத்தில் அந்த வார்த்தையை எழுதி, “உங்க லைஃப்ல உங்களை டிஸ்கரேஜ் பண்றவங்க யாருன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க” என்றார். மொத்தக் கூடமும் ஒரே பக்கம் திரும்பியது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பேடக்கா, வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழுவதுபோல் கையைத் தூக்கி, “நான்தான் சார்” என்றார். பயிற்சியாளர் உட்படச் சிரிக்காதவர் இல்லை. வெளியே வரும்போது பேடக்கா என் தோளைத் தட்டி, “அவ்ளோ நீளமா அந்த வார்த்த? நான் ரெண்டே எழுத்துல முடிச்சிடறேனேப்பா” என்றார்.

இவ்வளவு இருந்தும் டீ இடைவேளையில் அவர் தொட்டியருகே யாராவது நின்றுகொண்டுதான் இருப்பார்கள். எங்கள் லைனில் அது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. நிலம் வாங்குவது, வேறு கம்பெனிக்கு மாறுவது, பையனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எதுவானாலும் முதலில் பேடக்காவிடம் சொல்ல வேண்டும். அவர் பேட என்பார். அது எல்லோருக்கும் தெரியும். “பேட வாங்கியாச்சா?” என்று கேட்டுக்கொள்வோம். வாங்கியவன் சண்டை போட வேண்டும். அவர் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் பதில் தேடிக்கொண்டு மறுநாள் வர வேண்டும். கேட்கக் கேள்வியே இல்லாத நிலைக்கு அவரைக் கொண்டுவந்துவிட்டால், “சரி, போ” என்பார். அந்த இரண்டு சொல்லுக்காக வாரக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

திருநெல்வேலி அண்ணனுக்குக் கம்பெனி கேட்டுக்கு வெளியே தோசை வண்டி போட ஆசை.

“பேட. உனக்குத் தோசை ஊத்தத் தெரியுமா?”

“எங்க வீட்டுல நல்லா ஊத்துவாக்கா.”

“அவங்கள கேட்டியா?”

அண்ணன் முழித்தார். “கேக்கணுமாக்கா?”

“தோச ஊத்தப் போறது அவங்க. வண்டிக்கு என்னா பெயிண்டு அடிக்கறதுன்னு நீ என்ன கேட்டுகினு இருக்கற. போ திருநெல்வேலி.”

மறுநாள் அண்ணன் வந்து, “எக்கா, எப்படி கண்டுபிடிச்சிய? நாலு பேருக்கு ஊத்துததுக்கே இடுப்பு ஒடியுது, ஊருக்கே ஊத்தச் சொல்லுதியளோன்னு கரண்டிய எடுத்துட்டா” என்றார். அன்றோடு தோசை வண்டி போயிற்று. அண்ணனுக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. தப்பித்த முகமாகத்தான் இருந்தது.

எனக்கு அவர் சொன்ன பேட ஏன் அப்படித் தைத்தது என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். நான் எது சொன்னாலும் அப்பா தலையாட்டுவார். டிப்ளமோ என்றேன், சரி என்றார். ஓசூர் என்றேன், சரி என்றார். “நீ படிச்சவன், உனக்குத் தெரியாததா” என்பார். மாங்காய்க்கு எப்போது மருந்தடிப்பது என்று நான் தப்பாகச் சொன்னால் ஊரே கேட்கத் திட்டுவார். படிப்பு என்று வந்தால் வாய் திறக்க மாட்டார். பாசம் இல்லாமல் இல்லை. என்ன கேட்பது என்று தெரியாது. என் படிப்பைப் பற்றி என்னிடம் எதிர்க்கேள்வி கேட்ட முதல் ஆள், தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த இந்த அக்காதான்.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் பி.இ. பற்றிச் சொல்லிவிட்டு, “ஏதாவது கேளுப்பா” என்றேன்.

“என்னா கேக்கறது?”

“எது வேணாலும். இது நடக்காதுன்னு சொல்லு.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு வெகுநேரம் யோசித்தார். “மழ வந்தா கிளாஸு இருக்குமா?” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை பேடக்காவிடம் பதிலோடு போனேன். திருநெல்வேலி அண்ணனும் நானும் ஒரே கிரேடு. அவருக்கு எந்த ஷிஃப்டானாலும் ஒன்றுதான். எனக்கு இரண்டாவது ஷிஃப்ட் விழுந்தால் அவர் மாற்றிக்கொள்வதாகப் பேசியாகிவிட்டது. சூப்பர்வைசர் யாராக இருந்தாலும் எண்ணிக்கைக்கு ஆள் இருந்தால் போதும் அல்லவா?

“அவனுக்கு ஒடம்பு சரியில்லன்னா?”

“பேக்கிங்ல ஒரு ஓமலூர்ப் பையன் இருக்கான்க்கா. அவன்கிட்டயும் பேசிட்டேன்.”

கையிலிருந்த பாகத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். சொட்டச் சொட்ட அதைத் திருப்பிப் பார்த்தார். அதற்கா எனக்கா என்று தெரியாதபடி, “சரி, போ” என்றார்.

படித்து முடித்தேன். அந்தக் கதை வேறு. இங்கே சொல்ல வந்தது அஞ்செட்டியைப் பற்றி.

நான் படித்துக்கொண்டிருந்தபோது, அஞ்செட்டி ரோட்டில், காட்டை ஒட்டிய ஊரிலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் லைனில் இருந்தாள். பேடக்காவுக்கு அவள் அஞ்செட்டி. கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஓசூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. எல்லோரையும்போல அவளும் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பேட. வேலைய விட்டா ஹாஸ்டல்ல இருக்க முடியாது. ஊர்லருந்துதான வரணும்? எப்படி வருவ?”

“பஸ்ஸுலக்கா.”

“யானைக்கு பயந்துகினு மொதோ பஸ்ஸே நல்லா வெளுத்தப்புறம்தான் எடுக்கறான். நீ ஓசூரு வர்றதுக்குள்ள பாதி கிளாஸு முடிஞ்சிருக்கும். என்னா பண்ணுவ?”

“தெரியலக்கா.”

“அப்ப பேட.”

“சரிங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் சண்டைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கொஞ்ச நாளில் வேலையையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேடக்கா அவள் ஊருக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமை தண்ணீரைப் பார்த்தபடியே எனக்குச் சொன்னார்.

“அவங்கம்மா காப்பி குடுத்தாங்க. ‘பெரியவங்க நீங்களே பேடன்னுட்டீங்களாமே, அப்புறம் என்னாத்துக்கு அவள படிக்க வெக்கறது’ன்னு என்னயவே கேக்கறாங்க. நான் என்னா சொல்லுவேன்? அவ ஏம்ப்பா சண்ட போடல? நீ போட்டியே. திருநெல்வேலி போட்டானே.”

“அக்கா, குமிழி” என்றேன்.

தொட்டியில் ஒரு பாகம் மூலையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் பார்க்கவில்லை. அவர் ஒரு குமிழியைத் தவறவிட்டு நான் கண்டது அன்று மட்டும்தான்.

சிவப்புப் புள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஓட்ட அவகிட்ட இல்ல மத்தூரு. ரோட்ல இருக்குது. நான் புள்ளிய அவ மேல வெச்சிட்டேன்.”

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அவர் பேட சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன், “சண்ட போடுவியா?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். தலை குனிந்தபடி நிற்கிறவர்களிடம் பேட சொல்லவே இல்லை. “உக்காரு, யோசிப்போம்” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்றைக் கேட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் இடைவேளையில் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். இன்னொரு டீயும் வாங்கி வைத்திருந்தார்.

“மத்தூரு, எனக்கு ஒரு பேட சொல்லு.”

நான் டீயை எடுத்துக்கொண்டேன்.

“நான் வேலைய விட்டுட்டு வேன் ஓட்டப் போறேன். அஞ்செட்டி ரோட்லருந்து ஓசூருக்கு, காலைல மொதோ ஷிஃப்டுக்கு. இங்க பஸ் விடற கான்ட்ராக்டரு ஒரு வேன் போட்றேன்னு ஒத்துக்கினாரு. அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க ஹாஸ்டல் இல்லாம வூட்லருந்தே வரலாம். அடுத்த வருஷம் அஞ்செட்டி காலேஜு போறதுக்கும் வேன்ல ஒரு சீட்டு பேசிட்டேன். அவங்கம்மா சரின்னுட்டாங்க. நீ இப்ப என்ன டிஸ்கரேஜ் பண்ணு.”

அந்த வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரியான இடத்தில், அகராதியின் கடைசிப் பொருளில் சொன்னார்.

“நானாக்கா?”

“வேற யாருகிட்ட கேக்கறது? எல்லாரும் சூப்பருக்கா, சூப்பருக்காங்கறாங்க. ஒருத்தனுக்கும் சண்ட போடத் தெரியல.”

இன்றைக்கும் அதை நினைத்தால் என் முதுகு நிமிர்ந்துகொள்ளும். பட்டம் கையில் வாங்கிய அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அத்தனை பேரில் என்னை நம்பித் தன் திட்டத்தைத் தண்ணீரில் அமுக்கச் சொல்கிறார். பதினைந்து வருஷத்துக்கு மேல் பார்த்த நிரந்தர வேலை. விட்டால் திரும்பக் கிடைக்காது. புருஷன் ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். வெறுமனே சூப்பர் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை.

“பேடக்கா” என்றேன். “லைசென்ஸ்?”

“பேட்ஜோட எடுத்தாச்சு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போய்க் கத்துகினேன். ஒருத்தருக்கும் சொல்லல.”

“யானை வந்தா?”

“ஃபாரஸ்ட் வாட்ச்சருங்ககிட்ட போன்ல கேட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பேன். அது ரோட்ல நின்னா நானும் நிப்பேன். அது போனப்புறம் போவேன்.”

“லேட்டாயிட்டா? பொண்ணுங்களுக்கு அரைநாள் போட்டுருவாங்களே?”

“ஆபீஸ்ல பேசிட்டேன். யானைனால லேட்டுன்னா உள்ள விட்டுடுவாங்க.”

“வண்டி ரிப்பேர் ஆனா?”

“கான்ட்ராக்டரு வேற வண்டி அனுப்பணும். அதுக்கு ஒத்துகினாதான் வருவேன்னு சொல்லிட்டேன்.”

“உங்க வீட்ல அண்ணன் என்னா சொன்னாரு?”

“பேடன்னாரு” என்று சிரித்தார். “என்கிட்டருந்து கத்துகினது. ஒரு வாரம் சண்ட. இப்ப சரின்னுட்டாரு.”

எல்லா ஓட்டையையும் அடைத்து வைத்திருந்தார். நான் டீயைக் குடித்து முடித்தேன். கேட்க ஒன்றுமில்லை. சரி போங்க என்று சொல்ல வாயெடுத்தபோது, எனக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் திருநெல்வேலி அண்ணன் கழிவுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு எதிரில் போனார்.

“அக்கா, உங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா?”

“எனக்குக் காய்ச்சல் வராது.”

“வந்தா?”

“வராதுப்பா. நான் லீவு போட்டு நீ பாத்திருக்கியா?”

“பார்த்ததில்லக்கா. வந்தா?”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“அவங்க ஹாஸ்டல காலி பண்ணிட்டு உங்கள நம்பி ரோட்டோரமா வந்து நிப்பாங்க. ஒரு பக்கம் காடு. போன் போட்டு இன்னைக்கு வேன் இல்லன்னு சொல்லுவீங்களா? அஞ்செட்டி பரீட்சைக்குப் போற நாளா இருந்தா? எனக்காவது ரெண்டு பேர் இருந்தாங்க. உங்களுக்கு யாருக்கா?”

யானைக்கும் டயருக்கும் புருஷனுக்கும் பதில் வைத்திருந்தவர், தான் ஒருநாள் படுத்துவிடக் கூடும் என்று யோசித்தே இருக்கவில்லை. அவ்வளவு வருஷம் ஒருநாள்கூடத் தொட்டியை விட்டுப் போகாதவருக்கு அது தோன்றவில்லை.

“பேடக்கா” என்றேன். இந்த முறை அவர் பெயரைச் சொல்லவில்லை.

அவர் தொட்டி ஓரத்திலிருந்த சிவப்பு மைக் குச்சியை எடுத்தார். தன் இடது கையுறையின் மேல் பெரிதாக ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். “ரிஜெக்டு” என்றார். பிறகு, “நல்லா கேட்ட மத்தூரு” என்றார். அன்று ஷிஃப்ட் முடிகிறவரை அந்தக் கையுறையை மாற்றவில்லை.

கான்ட்ராக்டரிடம் பொறுக்கச் சொன்னார் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி எங்கோ போய்வந்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் என் கேள்வியின் சூடு ஆறிவிடும் என்று இருந்தேன். கோடை வந்து, என் ஊரில் மாங்காய் இறக்கத் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் அவர் தொட்டிக்கு முன்னால் வேறொரு பெண் நின்று பழகிக்கொண்டிருந்தாள். பேடக்கா பக்கத்தில் நின்று அவளுக்குத் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கிட்டே போனேன். “காய்ச்சல் வந்தா வேன் எடுக்க ஆள் கெடச்சாச்சாக்கா?”

“கெடச்சாச்சு. எங்க வூட்டுக்காரரு வேல செய்யற ரோஜாத் தோட்டத்துல டிராக்டரு ஓட்டிகினு இருந்தவ.”

“லைசென்ஸ்?”

“நேத்து வந்துச்சு.”

“அந்த ரோட்டுல ஓட்டிப் பாத்தாங்களா?”

“ரெண்டு வாட்டி. நான் பின்னாடி உக்காந்துகினு வந்தேன்.”

வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே தோன்றவில்லை.

“சரி, போங்க” என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேலங்கியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த வார இறுதியில் கணக்கு முடித்துப் போய்விட்டார்.

அதன் பிறகு முதல் ஷிஃப்ட் விழும் நாட்களில் கேட்டுக்கு வெளியே நின்று அந்த வேன் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். வெள்ளை வேன். முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு ரோஜாக் கொத்து. ஸ்டியரிங்கை அணைத்தாற்போல் குனிந்து ஓட்டுவார். என்னைக் கண்டால் கையைத் தூக்க மாட்டார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒருமுறை ஹாரன் அடிப்பார். அந்த ஜூன் முதல் அஞ்செட்டி வெள்ளைச் சீருடையில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். கேட்டைத் தாண்டித் தெரு முனையில் இறங்கி, பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு நடப்பாள்.

ஒரு காலையில் வேன் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. கேட்டருகே நின்று கதவு திறந்து பெண்கள் இறங்கினார்கள். ஓட்டுநர் இடத்திலிருந்து, தலையில் துணியைக் கட்டிய, எனக்குத் தெரியாத ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

“இங்க மத்தூரு யாருங்க?”

“நான்தாங்க.”

“அக்காவுக்குக் காய்ச்சல். நேத்துலருந்து எழுந்திருக்கவே இல்ல. கேட்டுகிட்ட மத்தூருன்னு ஒருத்தரு நிப்பாரு, வண்டி கரெக்ட் டைமுக்கு வந்துடுச்சின்னு அவருகிட்ட மட்டும் சொல்லிடுன்னு சொன்னாங்க.”

வேன் புறப்பட்டுப் போய், தெரு முனையில் அஞ்செட்டியை இறக்கிவிட்டது. அன்று அவளுக்குப் பரீட்சை என்று பிறகு தெரிந்தது.